வீட்டிலேயே டேட் நைட், ஊர் ஊரா பீட்சா: ரெண்டு பேருக்கு, 250 டிகிரி ஓடிஜியில எது சரிப்படும்?

வடவள்ளிவாசி | செவ்வாய், இரவு 9:40

வணக்கம் மக்களே. வர்ற சனிக்கிழமை எங்க கல்யாண நாள். பையனை அத்தை வந்து கூட்டிட்டுப் போறாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் திரும்பக் கொண்டாந்து விடுவாங்க. ஒரு முழு ராத்திரி வீடு எங்களுக்குத்தான்.

ஓட்டலுக்குப் போலாம்னா வீட்டுக்காரம்மா வேண்டாங்கறாங்க. போன தடவை போன இடத்துல பாட்டுச் சத்தத்துல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்கல. பக்கத்து டேபிள்ல பிறந்தநாள் கேக் வெட்டி அந்த நுரை ஸ்ப்ரேயை எங்க மேலயும் அடிச்சு வுட்டாங்க.

அதனால வீட்டுலயே பீட்சா. அதுவும் சும்மா ஒண்ணு இல்லீங்க, உலகத்தை ஒரு சுத்து சுத்தி வரணும்னு ஆசை. என் பட்டியல்: நேப்பிள்ஸ், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட், துருக்கி, லெபனான், ஹவாய், ஜப்பான்.

கையில இருக்கறது 28 லிட்டர் ஓடிஜி (மேலயும் கீழயும் கம்பி சூடாகற சின்ன கரண்ட் அவன், 250க்கு மேல போகாது), கனமான இரும்பு தோசைக்கல், 8 இஞ்ச் சதுர கேக் டின். அவங்க முட்டை சாப்பிடுவாங்க, கறி மீன் கிடையாது. வெங்காயம்னா உசுரு. என்ன பண்ணலாம், சொல்லுங்க.

---

அடுப்படி_அரசி | செவ்வாய், இரவு 10:15

எட்டு பீட்சாவா? ரெண்டு பேருக்கா? தம்பி, நீங்க அடுப்படியில வேர்த்து வழிஞ்சுட்டு இருப்பீங்க, அவங்க ஹால்ல போன் நோண்டிட்டு இருப்பாங்க. இதுக்கு அந்த ஸ்ப்ரே ஓட்டலே தேவலாம்.

மூணு போதும். எல்லாத்துக்கும் ஒரே மாவு. இது முதல் விதி.

நேப்பிள்ஸை அடிச்சுடுங்க. அது விறகு அடுப்புக்குன்னே பிறந்தது. 430லேர்ந்து 485 டிகிரி வரைக்கும் சூடு, உள்ள போய் 60, 90 செகண்டுல வெளிய வந்துடும். அந்த வேகத்துலதான் ஓரம் உப்பி, மேல கரும்புள்ளி விழுந்து, நடுவுல ஈரமா மெத்துனு இருக்கும். அதே மாவை நம்ம ஓடிஜியில வெச்சா வேக ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள தண்ணியெல்லாம் வத்திப்போய் வறட்டு ரொட்டிதான் வரும். அந்த மாவுல எண்ணெயும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அதனால குறைஞ்ச சூட்டுல நிறமும் ஏறாது.

சிகாகோவும் வேண்டாம். நல்லா இல்லைன்னு சொல்லல. அது பீட்சாங்கறதை விட சீஸ் ரொப்பின ஒரு பை. வேகவே முக்கால் மணி நேரம் கிட்ட ஆகும். ஒரு துண்டு தின்னா தூக்கம் சொக்கும். கல்யாண நாள் ராத்திரி எட்டரைக்கே கொட்டாவி தேவையா?

---

ராக்கோழி | செவ்வாய், இரவு 10:22

ஆர்டர் போட்டா அரை மணி நேரத்துல வந்துடும் ப்ரோ. எதுக்கு இத்தனை மெனக்கெடு.

---

அடுப்படி_அரசி | செவ்வாய், இரவு 10:24

ராக்கோழி, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு இந்த ஒரு வரியிலயே தெரிஞ்சுடுச்சு.

---

மிச்சிகன்_மாமா | புதன், காலை 6:50

கேக் டின் இருக்குன்னு சொன்னதுமே என் ஓட்டு டெட்ராய்ட்டுக்குத்தான். இங்க இருக்கறதால சொல்றேன்னு நினைக்காதீங்க. வீட்டு ஓடிஜிக்கு இதை விட நல்ல பீட்சா கிடையாது. தகர டின்னுல, நிறைய எண்ணெய் விட்டு, நிதானமா வேகற ஐட்டம். 250 டிகிரி தாராளம்.

1946ல டெட்ராய்ட்ல பட்டீஸ்ங்கற பார்ல தொடங்கினது. கஸ் குவெர்ரான்னு ஒருத்தர் நடத்தினார். கார் தொழிற்சாலையில சின்னச் சின்ன பாகம் போட்டு வைக்கற கனமான நீல எஃகுத் தட்டு இருக்கும். அதுல சிசிலி மாதிரி தடி மாவைப் போட்டு சுட்டாங்க. தட்டு சதுரம், பீட்சாவும் சதுரம்.

விஷயம் ஓரத்துலதான் இருக்கு. சீஸை நடுவுல குவிக்கக் கூடாது. டின்னோட சுவர் வரைக்கும், சுவத்துல ஒட்டற மாதிரி போடணும். அது உருகி வழிஞ்சு டின் சுவத்துக்கும் மாவுக்கும் நடுவுல இறங்கி, அங்கேயே பொரிஞ்சு, கரும்பழுப்பா ஒரு வேலி கட்டும். எடுத்ததும் ஒரு மெல்லிசு கத்தியை ஓரமா விட்டு ஒரு சுத்து சுத்துங்க. மொறுமொறுன்னு சத்தம் வந்துட்டே கழண்டு வரணும். மெத்துனு வந்தா இன்னும் மூணு நிமிஷம் உள்ள வைங்க.

தக்காளி சாஸ் சீஸுக்கு மேலதான், அதுவும் ரெண்டு மூணு கோடா. கீழ போட்டா மாவு நசநசன்னு ஆயிடும்.

---

வடவள்ளிவாசி | புதன், காலை 8:05

மாமா, படிக்கும்போதே வாய் ஊறுது. அங்க ஏதோ பிரிக் சீஸ்னு போடுவாங்களாமே? இங்க கோயமுத்தூர்ல நான் பாத்ததே இல்லை.

---

மிச்சிகன்_மாமா | புதன், காலை 8:31

விஸ்கான்சின் பிரிக் சீஸ். கொழுப்பு ஜாஸ்தி, லேசா ஒரு காட்டம். அமெரிக்காவுலயே பாதி ஊர்ல கிடைக்காது, விடுங்க. மொசரெல்லா கட்டி 140 கிராம், செடார் 60 கிராம். துருவாம சின்னச் சதுரமா நறுக்கிப் போடுங்க. துருவினா சீக்கிரம் உருகி எண்ணெய் பிரிஞ்சுடும். பாக்கெட்டுல துருவி விக்கறதுல ஒட்டாம இருக்க மாவுத்தூள் தடவியிருப்பாங்க, அது சரியா வழியாது. கட்டியாவே வாங்குங்க.

---

வெசூவியஸ்_வெங்கடு | புதன், காலை 9:12

நேப்பிள்ஸ் இல்லாம உலக பீட்சா ராத்திரியா! பூரி இல்லாத பூரி மசாலா செட்.

அரசி அக்கா சொன்ன சூட்டுக் கணக்கு சரி. முடிவுதான் தப்பு. ஓடிஜியில உள்ள தட்டுல வெச்சாத்தான் ரொட்டி ஆகும். தோசைக்கல்லை கேஸ் அடுப்புல வெச்சு, தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடற அளவுக்குக் காயவிடுங்க. மாவை மெல்லிசா தட்டி நேரா கல்லு மேல போட்டு, உடனே சாஸ் தடவுங்க. அடி ரெண்டு நிமிஷத்துல புள்ளி புள்ளியா வெந்துடும். அப்புறம் அதை அப்படியே ஓடிஜியில மேல் கம்பி மட்டும் செக்கச் செவேல்னு எரியற நிலையில, கம்பிக்குப் பக்கமா ரெண்டு மூணு நிமிஷம் காட்டுங்க. அடிச்சூடு கல்லுலேர்ந்து, மேல்சூடு கம்பியிலேர்ந்து. நேப்பிள்ஸ் தாத்தா ஒத்துக்க மாட்டார், ஆனா நாக்கு ஒத்துக்கும்.

மரினாரா பண்ணுங்க: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். சீஸே கிடையாது, மீனும் கிடையாது. மத்ததெல்லாம் சீஸ் மேல சீஸா இருக்கும்போது இது ஒண்ணு நாக்கை அலம்பி விடும்.

---

அடுப்படி_அரசி | புதன், காலை 9:40

கல்லு முறை எனக்கும் தெரியும் வெங்கடு. ஆனா அதுல ஒரு ஆள் அடுப்பை விட்டு நகர முடியாது. உங்களுக்கு ருசி முக்கியம், எனக்கு அந்த ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிடறது முக்கியம்.

1889ல இத்தாலி ராணி மார்கரீத்தாவுக்காகத்தான் மார்கரீட்டா பீட்சா பிறந்துச்சுன்னு அடுத்து வந்து சொல்லாதீங்க. அந்தக் கதையை வரலாற்றாய்வாளர்கள் நம்பறதில்லை. தக்காளி, சீஸ், பேசில் இலை சேர்த்த பீட்சா அதுக்கு முன்னாடியே நேப்பிள்ஸ்ல இருந்திருக்கு.

---

வெசூவியஸ்_வெங்கடு | புதன், காலை 9:44

சொல்லத்தான் வந்தேன். 😐

---

நங்கூரம் | புதன், மதியம் 1:20

கப்பல் வேலையில இருந்தவன், தூத்துக்குடி. புவெனஸ் ஐரிஸ்ல சரக்கு இறக்கற நாள்ல வெளிய போக விடுவாங்க. வெங்காயம்னா உசுருன்னு எழுதியிருக்கீங்கள்ல, உங்க வீட்டம்மா பொறக்க வேண்டிய ஊர் அதுதான்.

இத்தாலியில ஜெனோவா பக்கத்துலேர்ந்து கூட்டம் கூட்டமா அர்ஜென்டினா போய் லா போக்கா துறைமுகத்தை ஒட்டிக் குடியேறின ஜனம். அவங்க கையில பீட்சா வேற மாதிரி ஆயிடுச்சு. தடி மாவு, சீஸ் கரை புரண்டு ஓடும். ஃபுகாசான்னு ஒண்ணு: தக்காளியே கிடையாது, மாவு மேல வெங்காயம் மலையா, ஒரிகானோ, எண்ணெய். அதுக்கே சீஸ் சேர்த்தா ஃபுகாசெத்தா. சில கடையில ரெண்டு மாவுக்கு நடுவுல சீஸை வெச்சு மேல வெங்காயம் குவிப்பாங்க. கொரியந்தெஸ் சாலையில பழைய கடைகள் இருக்கு. கவுண்டர்ல நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போகலாம். உக்காந்து சாப்பிடறவன் எல்லாம் டூரிஸ்ட்டுன்னு அங்க ஒரு நினைப்பு.

வெங்காயத்தை மெல்லிசா நீளவாக்குல அரிஞ்சு, உப்புத் தண்ணியில அரை மணி நேரம் ஊறப் போட்டு, பிழிஞ்சு, எண்ணெய்ல பிரட்டி வைங்க. பச்சையா போட்டா வேகறதுக்கு முன்னாடி நுனி கருகிடும். வதக்கிப் போட்டா ஜாம் ஆயிடும். ஊறினது மட்டும்தான் உள்ள இனிப்பா, நுனி மட்டும் கருகி வரும்.

இன்னொண்ணு ஃபைனா. பீட்சா துண்டு மேல ஒரு துண்டு ஃபைனாவை வெச்சு ரெண்டையும் சேத்துக் கடிப்பாங்க. அது என்னன்னு பாத்தா நம்ம ஆளு சிரிப்பான். கடலை மாவு! மாவு ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, எண்ணெய், உப்பு. கரைச்சு நாலஞ்சு மணி நேரம் வெச்சுட்டு, மேல நிக்கற நுரையை எடுத்துட்டு, காஞ்ச தட்டுல எண்ணெய் விட்டு அரை விரக்கடை உயரத்துக்கு ஊத்தி, முழுச்சூட்டுல இருபது நிமிஷம். மேல மிளகுத்தூள் தாராளமா. அங்க வெள்ளைக் கொண்டைக்கடலையில அரைப்பாங்க, நம்ம கடலை மாவு கடலைப்பருப்பு. வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

---

ஸ்கார்பரோ_குளிர் | புதன், இரவு 8:10

ஹவாய் பீட்சாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அது ஹவாயில பிறந்ததில்லை. இஞ்ச கனடாவில, ஒன்டாரியோ மாகாணத்தில, சாத்தம் (Chatham) எண்ட ஊரில. 1962இல சாம் பனோபோலஸ் எண்ட கிரேக்க நாட்டுக்காரர் தன்ர உணவுக்கடையில தகரப்பேணி அன்னாசியை எடுத்துப் பீட்சாவுக்கு மேல போட்டுப் பாத்தவர். அந்தப் பேணியின்ர பெயர்தான் பீட்சாவுக்கும் வந்தது. டொரன்டோவில இருந்து 401 நெடுஞ்சாலையில விண்ட்சர் போகேக்க சாத்தம் வழியிலதான் வரும். ஆத்துக்கு அங்கால மிச்சிகன் மாமான்ர டெட்ராய்ட்.

வழமையா அதில பன்றி இறைச்சியும் போடுவினம், நீங்கள் சாப்பிடாட்டி அதை விடுங்கோ. பேணி அன்னாசி வேண்டாம், நல்ல பழமா எடுத்து மெல்லிய துண்டா வெட்டி, தோசைக்கல்லில ரெண்டு பக்கமும் சுட்டுப்போட்டு வையுங்கோ. தண்ணி வத்தினாப் பிறகுதான் பீட்சாவில வைக்கலாம். மேல பச்சைமிளகாய், கொஞ்சம் கறுத்த மிளகு. இனிப்பும் உறைப்பும் எங்கட ஆக்களுக்குப் பிடிக்காமப் போகாது. அன்னாசியில உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிட்ட ஆக்கள்தானே நாங்கள்.

---

வெசூவியஸ்_வெங்கடு | புதன், இரவு 8:16

பீட்சாவுல அன்னாசியா. இந்த இழையை மூடிடலாம்.

---

ராக்கோழி | புதன், இரவு 8:19

2017ல ஐஸ்லாந்து அதிபரே ஒரு பள்ளிக்கூடத்துல, முடிஞ்சா அன்னாசி பீட்சாவைத் தடை பண்ணுவேன்னு சொல்லி உலகமே சண்டை போட்டுச்சு. அப்புறம் அவரே, அப்படி ஒரு அதிகாரம் எனக்கு இல்லாதது நல்லதுதான்னு எழுதினார். வெங்கடு அண்ணனுக்கு அங்க ஒரு வேலை காலியா இருக்கு.

---

ஸ்கார்பரோ_குளிர் | புதன், இரவு 8:25

வெங்கடு, நேப்பிள்ஸ்காரருக்குத் தக்காளி எங்கால வந்தது? அதுவும் கடல் கடந்துதானே வந்தது. அன்னாசி பிந்தி வந்திட்டுது, அவ்வளவுதான்.

---

மணல்காற்று | புதன், இரவு 10:50

ஷார்ஜாவிலிருந்து. லெபனான் பட்டியல்ல இருக்கே, அதைப் பத்தி யாரும் பேசலையேன்னு வந்தேன். மனாகீஷ். இங்க காலையில வேலைக்குப் போற வழியில எல்லா லெபனான் பேக்கரியிலும் கிடைக்கும். வட்டமா தட்டின மாவு, விரல் நுனியால குழி குழியா அழுத்தி, மேல ஸாதார். ஸாதார்னா காட்டுத் தைம் இலை, எள்ளு, புளிப்புக்கு சுமாக் பொடி, உப்பு, எல்லாம் ஆலிவ் எண்ணெய்ல குழைச்சது. சூடா இருக்கும்போதே வெள்ளரிக்காய், தக்காளி, புதினா வெச்சு மடிச்சுக் குடுப்பாங்க. 2023ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயும் சேந்துடுச்சு. நேப்பிள்ஸ் பீட்சா சுடற கலை அதுல 2017லேயே இருக்கு, வெங்கடு சந்தோஷப்பட்டுக்கலாம்.

வடவள்ளிவாசி, உங்களுக்கு இதுல ஒரு வசதி. ஓடிஜியே வேண்டாம். அங்கயே கிராமத்துல ஸாஜ்னு ஒரு மேடான இரும்புத்தகடு மேலதான் சுடுவாங்க. உங்க தோசைக்கல்லு போதும். மிதமான தீ, மூடி போட்டு மூணு நாலு நிமிஷம். ஓடிஜி சூடாகற நேரத்துல ரெண்டு பேரும் அடுப்படியில நின்னுட்டே இதைக் கிழிச்சுத் தின்னலாம். ஸாதார் ஆன்லைன்ல கிடைக்கும். கிடைக்காட்டி காஞ்ச தைம், வறுத்த எள்ளு, ஆம்சூர் (காஞ்ச மாங்காய்ப் பொடி) கொஞ்சம்.

---

ராக்கோழி | புதன், இரவு 10:58

காலை டிபனை டேட் நைட்டுல குடுக்கறதா? அப்ப நான் பொங்கல் வடை குடுக்கறேன்.

---

மணல்காற்று | புதன், இரவு 11:03

குடுங்க, யார் வேண்டாம்னா.

---

டிபிலிசி_ஸ்டெத் | வியாழன், காலை 7:15

அண்ணா, நான் ஜார்ஜியால மெடிசின் படிக்கறேன். இவ்வளவு பேர் பேசி யாரும் கச்சாபுரி சொல்லலைங்கறது அநியாயம். டேட் நைட்டுன்னு சொன்னா அச்சாரா கச்சாபுரிதான், வேற பேச்சே இல்ல.

படூமி பக்கம், கருங்கடல் ஓரம். மாவை நீளமா தட்டி, ரெண்டு ஓரத்தையும் சுருட்டி, ரெண்டு நுனியையும் முறுக்கி ஒட்டினா படகு. நடுவுல சுலுகுனி சீஸ் நிரப்பி சுடுவாங்க. பொன்னிறமா ஆனதும் வெளிய எடுத்து நடுவுல முட்டை மஞ்சக்கரு, திரும்ப ஒரு நிமிஷம் உள்ள. பிளேட்டுக்கு வந்ததும் மேல ஒரு வெண்ணெய்த் துண்டு. படகு கப்பலோட்டிகளுக்கு, மஞ்சக்கரு கடல்ல இறங்கற சூரியன்னு இங்க சொல்வாங்க.

இதை வெட்டவே கூடாது. ஃபோர்க்கால மஞ்சக்கருவையும் வெண்ணெயையும் சீஸோட ரொம்ப வேகமா கலக்கணும், சீஸ் நூல் நூலா இழுக்கும். அப்புறம் படகு நுனியை ஒடிச்சு அதுல தோய்ச்சுச் சாப்பிடணும். ஆளுக்கு ஒரு நுனி. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒடிச்சுட்டே நடுவுக்கு வருவீங்க. ஆறினா சீஸ் இறுகிடும், அதனால யாரும் போன் எடுக்க முடியாது.

சுலுகுனி அங்க கிடைக்காது. மொசரெல்லா ரெண்டு பங்கு, உதிர்த்த பனீர் ஒரு பங்கு, லேசா புளிச்ச கெட்டித்தயிர் ஒரு ஸ்பூன், உப்பு கொஞ்சம் தூக்கலா. ஹாஸ்டல்ல ஊர் ஞாபகம் வந்தா நாங்க இதுலயே பச்சைமிளகாய் போடுவோம், ஜார்ஜியாக்காரங்க முகத்தைச் சுளிப்பாங்க.

---

அடுப்படி_அரசி | வியாழன், காலை 9:30

இந்தப் பொண்ணு சொன்னதுக்குத்தான் என் ஓட்டு. ஒரே தட்டு, ரெண்டு பேர், ஆறறதுக்குள்ள சாப்பிடணும். வேற என்ன வேணும்?

சரி, மாவுக் கணக்கு எழுதறேன். மைதா 450 கிராம், தண்ணி 290 கிராம், உப்பு 9 கிராம், சர்க்கரை ஒரு ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் தலைதட்டி ஒரு டீஸ்பூன், எண்ணெய் ரெண்டு ஸ்பூன். நம்ம கடை மைதா இத்தாலி மாவு மாதிரி அவ்வளவு தண்ணி குடிக்காது. யூட்யூப்ல சொல்ற 70, 75 சதவீதத்தை நம்பி ஊத்தினா கையில ஒட்டிக்கிட்டு வராது. தண்ணி ஃப்ரிட்ஜ் தண்ணியா இருக்கட்டும். வெயில் நாள்ல குழாய்த் தண்ணியில பிசைஞ்சா நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பொங்கி நிக்கும்.

வெள்ளி ராத்திரி பிசைஞ்சு, மூடி, ஃப்ரிட்ஜ். சனி சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்து 280 கிராம் டெட்ராய்ட் டின்னுக்கு, 230 கிராம் கச்சாபுரிக்கு, மிச்சத்தை ரெண்டு உருண்டையா மனாகீஷுக்கு. டின்னுக்கான மாவை உடனே எண்ணெய் தடவின டின்னுலயே பரப்பிடுங்க. மூலைக்கு வராம சுருங்கினா இழுக்காதீங்க, கால் மணி நேரம் விட்டா தானே படியும்.

ஓடிஜியை அரை மணி நேரம் முன்னாடியே போடணும். லைட் அணைஞ்சதும் 250 வந்துடுச்சுன்னு நம்பாதீங்க. காத்துதான் சூடாகியிருக்கும், தகடு ஆகியிருக்காது. டெட்ராய்ட் கீழ் தட்டுல 13, 14 நிமிஷம். கச்சாபுரி நடுத்தட்டுல பத்து பன்னெண்டு.

முதல்ல மனாகீஷ் நின்னுக்கிட்டே. அடுத்து டெட்ராய்ட். அது வெளிய வந்த உடனே படகை உள்ள தள்ளிடுங்க, நீங்க சாப்பிட்டு முடிக்கறப்ப அது தயார். மொத்த ராத்திரியில ஓடிஜி பக்கம் நிக்கறது கால் மணி நேரம்கூட இருக்காது.

---

பாத்திரக்காரி | வியாழன், மதியம் 12:40

எல்லாரும் சமையலையே பேசறீங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இப்படித்தான் சர்ப்ரைஸ்னு ஆரம்பிப்பார். சிங்க் நிறைய பாத்திரம், மேடை பூரா மாவு, சீஸ் காஞ்சு ஒட்டின டின். மறுநாள் காலையில யார் தேய்க்கறது? நான்தான். ஞாயித்துக்கிழமை காலையில வேலைக்கு வர்ற அக்காவும் வர மாட்டாங்க.

வடவள்ளிவாசி, அன்னிக்கு ராத்திரியே டின்னுல சுடுதண்ணி ஊத்தி ஊற வெச்சுடுங்க, காலையில அவங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீங்க தேய்ச்சு வெச்சுடுங்க. இரும்புக்கல்லுக்கு சோப்பு போட்டுடாதீங்க, அப்புறம் திங்கக்கிழமை தோசை பிய்ஞ்சு வந்தா அந்தப் பேச்சும் உங்களுக்குத்தான்.

இன்னொண்ணு. சர்ப்ரைஸா பண்றதை விட, அவங்க கையிலயும் ஒரு மாவு உருண்டையைக் குடுங்க. சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கறது எனக்கு போர்.

---

வடக்குவெளிச்சம் | வியாழன், இரவு 11:30

ஒஸ்லோவில இருந்து. இஞ்ச நோர்வேயில பீட்சா எண்டால் கிராண்டியோசாதான். பெட்டியில உறைஞ்சு வாறது, 1980இல தொடங்கினது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளைக்காரர் வீடு, தமிழர் வீடு எண்டு வித்தியாசம் இல்லாமல் அந்தப் பெட்டி திறபடும். டேட் நைட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டன்.

ஆனால் பக்கத்து நாட்டை ஒருக்கா யோசியுங்கோ. சுவீடனில வாழைப்பழமும் கறித்தூளும் போட்ட பீட்சா சாதாரணமாக் கடையில இருக்கு. முதல் தரம் கேட்டபோது நானும் சிரிச்சனான், சாப்பிட்டாப் பிறகு சிரிக்கேல்லை. அதோட ஒரு கோவா (முட்டைக்கோஸ்) சலாட்டும் தருவினம். மெல்லிசா அரிஞ்ச கோவா, வினாகிரி, எண்ணெய், மிளகு, ஒரிகானோ. அதை ஒரு நாள் முன்னமே செய்து வைக்கலாம். இவ்வளவு சீஸுக்கு நடுவில அந்தச் சலாட் மட்டுமாவது கட்டாயம் செய்யுங்கோ.

---

வெசூவியஸ்_வெங்கடு | வெள்ளி, காலை 6:02

வாழைப்பழம். கறித்தூள். நான் இனிமே இந்த இழைக்கு வரல.

---

வடவள்ளிவாசி | ஞாயிறு, இரவு 9:05

மக்களே, எல்லாருக்கும் நன்றி. அரசி அக்கா போட்ட வரிசையிலயே போனோம்: மனாகீஷ், டெட்ராய்ட், கச்சாபுரி. கூடவே நங்கூரம் அண்ணனோட ஃபைனா, நோர்வேக்காரர் சொன்ன முட்டைக்கோஸ் சாலட்.

பாத்திரக்காரி சொன்ன மாதிரியே அவங்களையும் உள்ள இழுத்தேன். மனாகீஷ் ரெண்டும் அவங்கதான் தட்டினாங்க. விரலால குழி போடறது அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, குழிக்குள்ள எண்ணெய் தேங்கி நிக்கறதைக் காட்டி "பாருங்க, பாருங்க"ன்னாங்க. ஸாதார் வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகல.

கச்சாபுரி பத்தி அந்தத் தங்கச்சி சொன்னதுல ஒண்ணு மட்டும் நடக்கல. நடுவுல வந்து சந்திக்கறதாவது! அவங்க பக்கத்து நுனி, ஓரம் எல்லாம் முடிச்சுட்டு என் பக்கத்துக்கு வந்துட்டாங்க. படகுல எனக்குக் கிடைச்சது மூணுல ஒரு பங்குதான். ஆனா கல்யாணத்துக்கு முந்தி பஸ் ஸ்டாண்டுல பேசின மாதிரி பேசிட்டு இருந்தோம். அதுல பாதி ஓடிஜியைத் திட்டினது, பாதி உங்க எல்லாரையும் பத்தினது. வெங்கடு அண்ணன் வந்தா சாப்பாடு போடணும்னு சொன்னாங்க.

ஒரு விஷயம், மாமாவும் நங்கூரம் அண்ணனும் கோவிச்சுக்கக் கூடாது. டெட்ராய்ட் டின்னுல சீஸ் போட்டு சாஸ் ஊத்தப் போற நேரத்துல, அவங்க ஊற வெச்சிருந்த ஃபுகாசா வெங்காயத்தை மொத்தமா மேல கொட்டிட்டாங்க. சாஸ் வேண்டாம்னுட்டாங்க. ஓரம் மொறுமொறுன்னு கத்தி சத்தத்தோட கழண்டுச்சு, நடுவுல வெங்காயம் நுனி கருகி இனிப்பா. அது மேல ஃபைனா வெச்சுக் கடிச்சோம். இதுதான் அன்னிக்கு முதல் பரிசு.

---

மிச்சிகன்_மாமா | ஞாயிறு, இரவு 9:48

சாஸ் இல்லாம டெட்ராய்ட்டா? கோடு போடலைன்னா அது டெட்ராய்ட் இல்லை. ஓரம் வந்துச்சுன்னு சொன்னதால மன்னிச்சேன்.

---

நங்கூரம் | ஞாயிறு, இரவு 10:10

ஃபுகாசெத்தாவுல செடாரா! புவெனஸ் ஐரிஸ்ல சொன்னா கவுண்டரை விட்டே இறக்கி விட்டுடுவான். ஃபைனா வெச்சீங்களே, அது போதும். கரைச்ச கடலை மாவு மிச்சம் இருந்தா ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ்ல தாங்கும். தோசைக்கல்லுலயே மூடி போட்டு சுடலாம், மேல மட்டும் கருகாது.

---

ராக்கோழி | ஞாயிறு, இரவு 10:31

ஒரு சந்தேகம். எங்கிட்ட இருக்கறது 14 லிட்டர் ஓடிஜி. இந்த வெங்காய டெட்ராய்ட் அதுல வருமா? யாருக்குன்னு கேக்காதீங்க.

---

அடுப்படி_அரசி | ஞாயிறு, இரவு 10:36

கேக்கல. 😄 வரும். ஆனா 8 இஞ்ச் டின் உள்ள போனாலும் மேல் கம்பி ரொம்பப் பக்கத்துல இருக்கும், வெங்காயம் கருகிடும். 6 இஞ்ச் டின் எடுத்துக்கோங்க, மாவு 160 கிராம், சீஸ் 110 கிராம். முதல் எட்டு நிமிஷம் மேல ஃபாயில் மூடி கீழ் கம்பி மட்டும், அப்புறம் ஃபாயிலை எடுத்துட்டு ரெண்டு கம்பியும். முன்னாடி ஒரு நாள் தனியா பண்ணிப் பாத்துட்டு அப்புறம் கூப்பிடுங்க.